டிரைவர் பெயர் மாற்ற அனுமதி இல்லை

கம்ப்யூட்டர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் அண்ணன்தான். அவன் லாரி ஓட்டிய கம்பெனியிலேயே வாங்கிக் கொடுத்தான். முதலாளியிடம் போய், "எந்தங்கச்சி டைப்பு ஹையர் பாஸ் பண்ணிகீது மொதலாளி. அம்பத்தூர்ல கம்ப்யூட்டரும் கத்துகினு கீது. ஒரு சான்ஸ் குடுங்க" என்று நின்றிருக்கிறான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய் எனக்குத்தான் இருந்தது. ஆனாலும் எனக்காகக் கேட்கிற நேரத்தில் மட்டும் அவனுக்கும் வந்துவிடும்.

அம்மா போன பிறகு திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். காலையில் ரயிலேறி ஆவடியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கரையான்சாவடி, பிறகு நூம்பலில் இருந்த லாரி செட். அண்ணன் ஊரில் இருக்கும் நாட்களில் சேர்ந்து போவோம். இல்லாத நாட்களில் அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது திரையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். எந்த வண்டி, என்ன சரக்கு, எந்த டிரைவர், போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவன் பெயருக்கு எதிரே 'சேர்ந்தாச்சு' என்று போடும்போது எனக்குள் ஒரு நிம்மதி வரும்.

லாரி செட்டில் ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும். அதுவும் மெஷினுக்காக, எனக்காக அல்ல. எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவார்கள். அண்ணன் மட்டும் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுவான். "உள்ள வாயேண்ணா" என்றால், "கையெல்லாம் கிரீஸு பாப்பா, நீ வேலையப் பாரு" என்பான். ஆனால் போகமாட்டான். நான் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவான்.

வேலை இதுதான். சாயங்காலம் மறுநாள் வண்டிகளை நான் ஏற்றவேண்டும். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் கேட் பாஸ் அடிக்கவேண்டும். பாஸில் இருக்கும் பெயரும் ஸ்டியரிங் முன்னால் இருக்கும் முகமும் ஒத்துப்போனால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. முதலாளி முதன்முதலில் வாங்கிய லாரியின் நம்பர். அந்த லாரி ஓடாமல் செட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. சாவியைப் பூட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவைத்த கதைதான்.

விளைவு என்னவென்றால், நான் ஒரு பெயர் போட்டுவிட்டுப் போனால் காலையில் வேறு பெயர் இருக்கும். நல்ல ரோடு, சீக்கிரம் திரும்புகிற லைன் எல்லாம் யாருக்கோ வேண்டியவருக்குப் போகும். அலைச்சல் பிடித்த லைனெல்லாம் வாயில்லாதவர்கள் தலையில் விழும். அதில் என் அண்ணனும் ஒருவன். யார் மாற்றினார்கள் என்று கேட்டால் எல்லோரும் உத்தரத்தைப் பார்ப்பார்கள். முதலாளி ஒருநாள் கத்தித் தீர்த்துவிட்டு, புரோகிராம் எழுதிய ஆளை அண்ணாநகரிலிருந்து வரவழைத்தார்.

அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, ஆட்களை மூன்று படியாகப் பிரித்தார். நான் பெயர் ஏற்றலாம், பாஸ் அடிக்கலாம், பார்க்கலாம். மாற்றக்கூடாது. பாஸ் அடிக்கும்வரை மேனேஜர் மாற்றலாம். பாஸ் அடித்தபிறகு முதலாளி மட்டும்தான் கைவைக்கலாம். அந்த வண்டிக்கு இன்னொரு பாஸும் அடிக்கமுடியாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறலாம், சமையல்கட்டுக்குள் போகக்கூடாது என்கிற மாதிரி. நான் சும்மா இருக்காமல் ஒரு பெயரை மாற்றிப் பார்த்தேன். மெஷின் 'பீப்' என்றது. 'ஆக்சஸ் டினைடு' என்று வந்தது.

கதவோரம் நின்ற அண்ணன், "இன்னா சொல்லுது?" என்றான்.

"எனக்கு அனுமதி இல்லையாம்."

"பரவால்லையே. உன்னையே ஒண்ணு வாய மூட வெச்சிட்சே" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு விதத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல் அண்ணன் பெயரை யாரும் இஷ்டத்துக்குத் தூக்கி எறியமுடியாது என்று நினைத்தேன்.

மெஷின் போட்ட பூட்டு முதலாளிக்குப் போதவில்லை. "மெஷினு பூட்டிக்கும். மனுசன் வாய்க்கு யார் பூட்டு போடறது?" என்றார். அந்த வருஷ ஆயுத பூஜையில் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், தட்டில் சூடத்தை ஏற்றி எங்கள் முன்னால் நீட்டினார். அவரவர் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். நானும் பண்ணினேன். உள்ளங்கையில் சுருக்கென்றது. பூசணிக்காயோடு வெளியே நின்ற டிரைவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிடுவார்கள். சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் வம்சம் விளங்காது என்பார்கள்.

அது நடந்த அடுத்த கோடையில் முதலாளி குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனார். போகும்முன் தன்னுடைய பாஸ்வேர்டை மேனேஜருக்குச் சொன்னார். அதற்கும் தனியாக ஒரு சூடம். தன்னைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்று, மேனேஜருடைய இரண்டு பெண் பிள்ளைகள் பேரில் சத்தியம் வாங்கினார். ஆபீசில் சாமி படத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நடந்தது.

அண்ணன் அப்போதுதான் நாக்பூர் போய்த் திரும்பியிருந்தான். உடம்பு சுட்டது. "நாளைக்கு ஓசூர் லோடு இருக்கு, வேற யாரையாவது போடட்டுமா?" என்று சாயங்காலம் கேட்டேன். "ஒண்ணியும் இல்ல, தூங்கி எழுந்தா சரியாப்பூடும். எழுதிக்க" என்றான். அவன் பெயரை ஏற்றிப் பாஸையும் அடித்து வைத்தேன்.

காலையில் ரயிலில், அந்த வெயில் காலத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் கிட்டியது. கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. செட்டில் இறங்கியதும் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஓசூர் வண்டியைத் திறந்து டிரைவர் பெயரில் போய் நின்றேன். 'பீப்.' மறுபடியும் அடித்தேன். மறுபடியும் 'பீப்.' அனுமதி இல்லை என்று தெரிந்தும் அடித்தேன்.

மாற்று ஆள் இல்லாமல் இல்லை. பூந்தமல்லிக்காரர் ஒரு பாய், அண்ணனின் சிநேகிதர், அன்று வண்டி இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏம் பேர போட்டுக்க தங்கச்சி. நான் போறேன். மச்சான ஊட்டுக்கு இஸ்துகினு போ" என்றார்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். ஓடிவந்து அண்ணன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். உடனே திருப்பதிக்கு, முதலாளி தங்கிய சத்திரத்துக்கு டிரங்க் கால் போட்டார். தரிசனத்துக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார்கள். ஓசூர் ஃபேக்டரியிலிருந்து இன்னொரு போன். வண்டி கிளம்பியதா, சரக்கு வராவிட்டால் எங்கள் வேலை நிற்கும் என்று கத்தினார்கள்.

"உங்களுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியுமே சார். ஒரு பெயர் சார். அடிச்சு விடுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேம்மா."

"பேனாவால திருத்திக் கையெழுத்துப் போடுங்க."

"பாஸ்ல ஒரு பேரு, வண்டியில ஒரு ஆளு போகக்கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்ணாரு. வழியில ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எம் பொண்ணுங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேம்மா" என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாதிரி, பாஸ்வேர்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் மறுபடியும் திருப்பதிக்குப் போன் போட்டார்.

நான் விடவில்லை. கத்தினேன். செட்டே வேடிக்கை பார்த்தது. அப்போது அண்ணன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். செருப்போடு வந்தான். அந்த அறைக்குள் அவன் வந்தது அன்று ஒரு தடவைதான்.

"பாப்பா, சும்மா இரு. சார், நீங்க போன வைங்க. நான் போய்க்கினு வந்துடறேன்."

"நீ எப்படிண்ணா ஓட்டுவ?"

"சூடம் அணைச்சத வெளாட்டுன்னு நெனச்சிகினியா? அவருக்கு ரெண்டு பொண்ணு கீது. நாளைக்கு அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குச் சோறு எறங்குமா? ஓசூர் இன்னா சீமையா? இதோ கீது."

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் தன் மஃப்ளரை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டு, வழியில் முடியவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டிப் படுத்துக்கொள் என்றார். அண்ணன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வாட்ச்மேன் பாஸை வாங்கிப் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கேட்டைத் திறந்தார்.

"நாளைக்கு வந்துடுவேன். கஞ்சி வெச்சு, பருப்புத் தொவையல் அரைச்சு வை" என்றான். நான் கோபத்தில் திரும்பி உள்ளே போய்விட்டேன்.

மத்தியானம் தாண்டிப் போன் வந்தது. வாலாஜாவுக்கு அப்பால் ஒரு பூத்திலிருந்து, கூடப் போன கிளீனர் பேசினார். அண்ணன் வண்டியை ரோட்டை விட்டு நன்றாக இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்திருக்கிறான். தூங்குகிறான் என்று கிளீனர் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுப்பினால் எழவில்லை. ஜனங்கள் சேர்ந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பாய்தான் வேறு ஒரு லாரியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, முன்னாலேயே படுக்கவைத்து வைத்தியம் பார்த்திருக்கவேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் விடியும்போது அண்ணன் போய்விட்டான். நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசிவரை கண் திறக்கவில்லை.

லாரியில் ஒரு கீறல் இல்லை. சரக்கில் ஒரு பெட்டி சாயவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே பாய்தான் அந்த லோடை ஓசூருக்குக் கொண்டுபோய் இறக்கினார். கையில் என் அண்ணன் பெயர் போட்ட அதே பாஸ். வழியில் ஒரு இடத்திலும் யாரும் பெயரைக் கேட்கவில்லை என்று திரும்பிவந்து சொன்னார். சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாவுக்கு மேனேஜர் வந்திருந்தார். திருநின்றவூரில் எங்கள் தெருமுனையிலேயே நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. அவரை நான் எவ்வளவோ சபித்திருக்கிறேன். ஆனால் சபிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்கள் தலைக்குப் போய்விடாமல் பார்த்துச் சபிப்பேன். அண்ணன் எதற்காக வண்டி ஏறினானோ அதை நான் கெடுக்கக்கூடாது. அதுகள் நன்றாக இருக்கட்டும்.

வேலைக்குப் போகாமல் என்ன செய்வது? போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் வரியிலேயே அண்ணன் இருந்தான். அந்த ஓசூர் வண்டியை யாரும் முடித்துவைக்கவில்லை. அவன் பெயருக்கு எதிரே 'வழியில்' என்று இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்ப்பேன். அழிக்க எனக்கு அனுமதி இல்லை. அழிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவன் எங்கேயோ ரோட்டில் வந்துகொண்டிருக்கிறான், நாளைக்கு 'சேர்ந்தாச்சு' போட்டுவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

ஒருநாள் முதலாளி அறைக்குள் வந்தார். பின்னால் மேனேஜர் தட்டோடு நின்றார், தட்டில் சூடம். "இனிமே இந்த மாத்தற வேலையெல்லாம் நீயே பாத்துக்கம்மா. என்னோட அனுமதி முழுசும் உனக்குக் குடுத்துடறேன்" என்றார் முதலாளி. தீக்குச்சியை உரசப் போனார்.

"சத்தியம்லாம் பண்ணமாட்டேன்" என்றேன். "அப்படியே குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா வேணாம்."

அவர் தீக்குச்சியை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி மேஜையில் வைத்தார். இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

ஓசூர் வண்டியைத் திறந்தேன். டிரைவர் பெயரில் போய் நின்றேன். இந்தத் தடவை 'பீப்' வரவில்லை. அண்ணன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அந்த இடத்தில் பாயின் பெயரை அடித்தேன். மாற்றலாமா என்று கேட்டது, மாற்று என்றேன். மாறிவிட்டது. அன்று காலையில் நான் கேட்டது இதைத்தான்.