ஆழப் பக்கத்துக்கு ஒரு கண் பரிசோதனை

அம்மாவுக்குக் கண் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், தன் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேஜை முழுக்கத் தேடிய மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் நிதானமாகச் சொல்வதுபோலத் தெரிந்தால் அது என் வேலையில் வந்த பழக்கம். கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் ஒரு நீச்சல் கிளப்பின் செயலாளர். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவள். வங்காளத்தில், டாலிகஞ்ச் என்ற பகுதியில் எங்கள் குடியிருப்பிலிருந்து ஜாதவ்பூர் பக்கத்தில் இருக்கும் அந்தக் குளத்துக்குத் தினமும் விடிகாலையில் சைக்கிளில் போவாள். நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்றுக்கொண்டவள். அன்றிலிருந்து, குளிர்காலத்தில் குளத்தை மூடிவைக்கும் மாதங்களைத் தவிர, ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எனக்குத் தேர்வு என்றாலும் போவாள், வீட்டில் விருந்தாளி என்றாலும் போவாள். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. அதைப் பறிக்க ஒரு அட்டை போதுமானதாக இருந்தது.

நான் பொறியாளர். தொழிற்சாலைகளில் இருக்கும் தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் காட்டுவது சரிதானா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. எதையும் பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. அம்மாவின் பார்வை குறைய ஆரம்பித்தபோதும் கைப்பேசியில் ஒரு பட்டியல் திறந்தேன். முதல் பதிவு, சந்துமுனையில் இருந்த வேகத்தடையைக் கவனிக்காமல் அவள் ஏறி இறங்கியது. இரண்டாவது, எதிரே வரும் ஆட்டோவின் வெள்ளை விளக்கு கண்ணில் அடித்ததும் அவள் இறங்கி நின்றுவிடுவது. மூன்றாவது, குளத்தின் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை எண்ணி எண்ணி நீந்துவது. பதினேழு கை வீசினால் சுவர். பதினாறாவதில் வேகத்தைக் குறைப்பாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் விரல் நகம் உடைந்திருந்ததைப் பார்த்து நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவர் பார்த்துவிட்டு, கண்புரை இப்போதுதான் ஆரம்பம், அதனால் தூரப்பார்வைக்கான பவர் கூடியிருக்கிறது, அறுவைக்கு அவசரமில்லை, சைக்கிளும் நீச்சலும் தாராளமாகத் தொடரலாம் என்றார். வேகத்தடைக்குக் காரணம் கண்கூட இல்லை, கண்ணாடி. கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் ஒரே கண்ணாடியில் வைத்திருந்ததால், குனிந்து சாலையைப் பார்க்கும்போது புத்தகம் படிக்கும் பகுதி வழியாகப் பார்த்திருக்கிறாள். தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று செய்துகொடுத்தோம். தொப்பியின் விளிம்பைக் கீழே இறக்கிப் போட்டால் எதிர்விளக்கு அவ்வளவாகக் கூசுவதில்லை. பெரிய சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, சந்துக்குள்தான் போக வேண்டும். மீன் சந்தை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று அவளே முடிவுசெய்தாள். தண்ணீருக்குப் பவர் வைத்த காகிள்ஸ் வரவழைத்தேன். மைனஸ் இரண்டு. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் நீந்திவிட்டு வந்தவள், "அடியில டைல்ஸ் நீலம்டீ, நான் இத்தனை நாளா பச்சைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

ஆக, ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. வழி கண்டுபிடிக்க முடியாமல் போனது மனிதர்கள் விஷயத்தில்தான். "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு மாஷிமா?" என்று, சித்தி முறை வைத்து, எங்கள் மாடிவீட்டுக்காரர் வாரம் ஒரு முறை கேட்பார். அவருக்கும் கண்புரை, அம்மாவைவிட முற்றியது. அவர் கார் ஓட்டுகிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மார்ச்சில் குளம் திறக்கும் முன் உறுப்பினர் புதுப்பிப்பு நடக்கும். அறுபது தாண்டியவர்கள் ஆழப் பக்கத்தில் நீந்த வேண்டுமானால் கிளப் அலுவலகச் சுவரில் தொங்கும் கண் பரிசோதனை அட்டையைக் கண்ணாடி இல்லாமல் படித்துக் காட்ட வேண்டும். குளத்துக்குள் கண்ணாடி போட முடியாது, அதனால் கண்ணாடி இல்லாமல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் கூடப் போனேன். காலைக்குழுவின் மூத்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் பெண் அம்மா மட்டும். எல்லோரும் அவளைப் பௌதி என்பார்கள். வங்காளத்தில் அண்ணி முறைக்கு அப்படித்தான் அழைப்பார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் உறுத்தியது தூரம். ஆறு மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், தரையில் ஒட்டியிருந்த டேப்பிலிருந்து சுவர்வரை என் கால் கணக்கில் நாலரைகூட இல்லை. அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

முதலில் போனவர் எழுபதைத் தாண்டியவர். காலைக்குழுவுக்கு அவர்தான் தலைவர், எல்லோரும் கேப்டன் தாதா, அதாவது கேப்டன் அண்ணா, என்பார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டைக்குக் கொஞ்சம் மேலே, மின்விசிறி ஸ்விட்ச் இருந்த இடத்தைப் பார்த்தபடி "க" என்று ஆரம்பித்தவர், மூச்சுவிடாமல் ஏழு வரி ஒப்பித்தார். வங்க எழுத்துகள், நல்ல ராகமாக இருந்தது.

"கடைசி வரியைப் பின்னாலேர்ந்தும் சொல்லட்டுமா?" என்றார் வங்க மொழியில்.

"உட்காருங்க தாதா. தேநீர் ஆறிடும்," என்றார் செயலாளர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்தடுத்து பத்துப் பேர். எல்லோருக்கும் அதே ராகம். ஒருவர் நாலாவது வரியில் திணறியபோது பெஞ்சிலிருந்து யாரோ இருமினார்கள், அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா கடைசியாகப் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கண்ணைச் சுருக்கி அட்டையைப் பார்த்தாள்.

"ம," என்றாள்.

தப்பாகச் சொல்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் நானும் அட்டையைப் பார்த்தேன். 'ம'தான் இருந்தது. அட்டை புதியது. சுவரில் ஓதம் ஏறிப் பழையது நைந்துபோயிருக்க வேண்டும். யாரோ வேறு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பதினோரு பேர் இல்லாத அட்டையைப் படித்து முடித்திருந்தார்கள். தேர்வு வைத்தவருக்கும் அது தெரியவில்லை.

அம்மா இரண்டாவது வரியையும் சரியாகச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

"மூணாவது வரி, பௌதி?" என்றார் செயலாளர்.

"தெரியல. குளத்துல நான் பவர் காகிள்ஸ் போடறேன். பையில இருக்கு. போட்டுட்டுப் படிக்கட்டுமா?"

"பவர் இருந்தா அது கண்ணாடி. கண்ணாடி இல்லாமதான் படிக்கணும்."

"அப்போ குளத்துல இதைப் போடக்கூடாதா?"

"ஏன் போடக்கூடாது? காகிள்ஸ்தானே. தாராளமாப் போடுங்க."

"போட்டா எனக்கு நல்லாத் தெரியுது."

"அது தண்ணிக்குள்ள. இங்க தண்ணி எங்க இருக்கு?"

பெஞ்சில் சிரித்தார்கள். நான் எழுந்து, கேப்டன் தாதா சொன்ன முதல் எழுத்து 'க', அட்டையில் இருப்பது 'ம' என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. செயலாளர் அட்டையைப் பார்க்க விரும்பினார். அதற்காகத்தான் அந்த நெற்றிமேல் கண்ணாடித் தேடல். பார்த்து முடித்ததும், "முப்பது வருஷமா நீந்தறவர், மா. அவருக்கு எதுக்கு அட்டை?" என்றார்.

"குளத்துல அட்டையா தொங்குது?" என்றார் கேப்டன் தாதா. இன்னும் பெரிய சிரிப்பு.

பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு எதிரே 'ஆழமற்ற பகுதி மட்டும், துணையுடன்' என்று எழுதினார்கள்.

திரும்பும்போது அம்மா சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தாள்; நானும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்து, "பன்னெண்டு பேர்ல நீ ஒருத்திதாம்மா உண்மையைச் சொன்ன" என்றேன்.

"மண்ணாங்கட்டி." சைக்கிளை நிறுத்தி, பர்ஸைத் திறந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். கேப்டன் தாதாவின் கையெழுத்தில் பழைய அட்டையின் ஏழு வரிகள். "போன வருஷம் இதைச் சொல்லித்தான் பாஸ் பண்ணேன். இந்த வருஷமும் ரெண்டு வாரமா ரசம் வைக்கறப்பல்லாம் மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"மேல 'க' இருக்கணும். போய் நின்னாப் பெருசா 'ம' இருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் எப்படிடீ 'க'ன்னு சொல்றது?"

நான் நடுச்சந்தில் அப்படியே நின்றுவிட்டேன். அட்டை மாறியிருக்கிறது என்று அந்த அறையில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். கண்டுபிடித்ததால்தான் தோற்றாள். மற்றவர்களுக்கு ஒன்று அந்த எழுத்து தெரியவில்லை, இல்லையென்றால் அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்கள் எல்லோரும் ஆழப் பக்கம். என் வேலையில் இப்படி ஒரு சோதனையில் கையெழுத்துப் போட்டால் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மாவின் மீதும் கோபம் வந்தது. போன வருடம் காகிள்ஸ் வரும்வரை, சுவர் தெரியாத கண்ணோடு, ஆளுயரத்துக்கு மேல் தண்ணீரில், எனக்குத் தெரியாமல் நீந்தியிருக்கிறாள். கேட்டேன். "தெரிஞ்சா விட்டிருப்பியா?" என்றாள். விட்டிருக்க மாட்டேன்தான். அதனால் அவள் செய்தது சரி என்பதை இப்போதும் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

குளம் திறந்ததும் இரண்டு வாரம் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தும் சின்னப் பிள்ளைகள் நடுவே நீளமாக ஒரு கை வீசக்கூட இடமில்லை. 'துணை' என்ற பெயரில் நான் அலுவலகப் பையோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஆழப் பக்கம் நன்றாகத் தெரியும். கேப்டன் தாதா தன் தடத்தை விட்டுப் பக்கத்துத் தடத்துக்குள் போய், எதிரே வந்தவரின் தோளில் இடித்தார். இருவரும் பரஸ்பரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மூன்று நாளில் நான்கு முறை. இதையும் பட்டியலில் சேர்த்தேன்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எல்லோரையும் நீக்கச் சொல்லவில்லை. நீந்தும்போது எதைப் போடுகிறார்களோ அதைப் போட்டுக்கொண்டே படிக்கவைக்க வேண்டும், தூரத்தை அளந்து ஒட்ட வேண்டும், அட்டையை அவ்வப்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாக ஒரு நாள் காலை செயலாளர் கரைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை நீட்டினார். புதிய அட்டையின் எழுத்துகள், ஏழு வரியும் அழகாக.

"எதுக்கு மா கடிதம் அது இதுன்னு? பௌதியை இதைப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. உங்க அம்மா எங்களுக்கு அந்நியமா?"

அவர் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற பதினோரு பேருக்கும் இந்தக் காகிதம் போயாயிற்றா என்று கேட்டேன். "அவங்கதான் ஏற்கனவே பாஸ் ஆயிட்டாங்களே" என்றார்.

காகிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்ற அம்மா அதை வாங்கி, மடித்து, படிக்காமலே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள்.

வந்தாள். காலைக்குழு முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது. நான் வீட்டிலிருந்து அளவு நாடா கொண்டுபோயிருந்தேன். ஆறு மீட்டர் அளந்தபோது அறைக்கு வெளியே, வராந்தாவில் நிற்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைத்தோம். செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா, சல்வார் கமீஸ் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தில் அந்தக் கறுப்பு ரப்பர் காகிள்ஸை மாட்டிவிட்டாள்.

"பௌதி, விமானம் ஓட்டப் போறீங்களா?" என்றார் கேப்டன் தாதா.

"நீங்க குறுக்க வராம இருந்தா எதையும் ஓட்டலாம்," என்றாள் அம்மா, திரும்பாமலே.

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மூன்றாவது வரி, நான்காவது வரி. ஐந்தாவதில் ஒரு எழுத்துக்கு யோசித்தாள், சரியாகச் சொன்னாள். ஆறாவது வரிக்கு வந்ததும், "இது எனக்குத் தெரியல. எழுதிக்கோங்க" என்றாள். அட்டையின் அருகே போய்ப் பார்த்து நான் எழுதி வைத்திருந்த பிரதியோடு ஒப்பிட்டேன். ஒரு பிழை இல்லை. ஒரு குளத்தின் சுவரையும் எதிரே வரும் ஆளையும் பார்க்க அதற்குமேல் தேவையும் இல்லை.

செயலாளர் நீளமாக மூச்சுவிட்டு, பதிவேட்டைத் திறந்து, 'ஆழப் பகுதி அனுமதி' என்று எழுதினார். அம்மா நன்றிகூடச் சொல்லாமல் உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில், மற்ற பதினோரு பேருக்கும் இருப்பதைப்போலவே, 'கண்ணாடி இல்லாமல்' என்று இருந்தது.

"இது பொய்," என்றேன். "காகிள்ஸோட படிச்சாங்க."

"அந்தக் கட்டத்துல 'கண்ணாடியோட', 'கண்ணாடி இல்லாம', ரெண்டுதான் மா இருக்கு. 'கண்ணாடியோட'ன்னு எழுதினா அனுமதி கிடையாது."

"அப்போ கட்டத்தை மாத்துங்க."

"பொதுக்குழு கூடணும்."

"எப்போ கூடும்?"

"பாஸ் ஆயிட்டாங்களே, மா. இன்னும் என்ன வேணும்?"

அடுத்த வருடமும் இதே வரிசையில் வந்து நிற்க வேண்டும், இதே வாக்குவாதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாவதாக ஒரு கட்டம் போட அளவுகோலும் பேனாவும் போதும் என்றேன். பதிவேடு அச்சடித்தது என்றார். ஜன்னலுக்கு வெளியே அம்மா ஆழப் பக்கத்தில் இறங்கியிருந்தாள். கையை எண்ணாமல், சுவர் வந்ததும் திரும்பி, மூன்றாவது சுற்றில் போய்க்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, பொதுக்குழுவைக் கூட்ட எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன்.