நொண்டிச்சாக்கு என்று முதலில் கத்தியவர்

இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று கத்திக் கத்தி, எக்ஸ்ரேக்காரரின் குரல் எந்தக் கதவையும் தாண்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுப்பார்கள் என்று மனைவி கேலி செய்வாள். ஆஸ்பத்திரியைத் தவிர அந்தக் குரலுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு உபயோகம்தான் இருந்தது. துறைமுக அணி ஆடும் நாட்களில் மைதானத்தின் கிழக்குப் பக்கம், மூன்றாம் வரிசையில் அதைக் கேட்கலாம்.

மற்றபடி மனிதர் பரம சாது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் மட்டும் ஆளே வேறு. நடுவருக்குக் கண் டாக்டரின் விலாசம் சொல்வார். கோல் வாங்கிய எதிரணி கோல்கீப்பரிடம், வீட்டுக் கதவையாவது சாத்திவிட்டு வந்தாயா என்று விசாரிப்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவருக்கு வாய் நீளும். அப்படி நீண்ட வாயிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், துறைமுகத்துக்கும் மில் அணிக்கும் ஃபைனல். இந்த இரண்டு அணிகளுக்கும் ஆகவே ஆகாது. துறைமுகக் கட்சிக்காரர் வீட்டில் மில் அணியின் சிவப்பு நிறத்தில் ஒரு வாளிகூட வாங்க மாட்டார்கள். துறைமுகத்தின் பதினோராம் நம்பர் இடது ஓரத்தில் ஓடுபவர். அவர் காலில் பந்து பட்டாலே மைதானம் எழுந்து நிற்கும். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்த எழுபதாவது நிமிஷத்தில், யாரும் இடிக்காமல், யாரும் தொடக்கூடச் செய்யாமல், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஐந்தாவது நிமிஷம் மில் கோல் போட்டது, கோப்பையும் போயிற்று. இரண்டே மாதத்தில் பதினோராம் நம்பர் மில் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் யாருக்கு விளக்கம் வேண்டும்? பேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

அடுத்த சீஸனில் அவர் சிவப்புச் சட்டையோடு அதே மைதானத்துக்கு வந்து, அதே ஓரத்தில் முதல் பந்தை வாங்கினார். மூன்றாம் வரிசையிலிருந்து எக்ஸ்ரேக்காரர் எழுந்து ஒரே ஒரு வார்த்தை கத்தினார். "நொண்டிச்சாக்கு."

கிழக்குப் பக்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கைதட்டுக்கு ஏற்றமாதிரி அந்த வார்த்தை தானாகவே இரண்டாக உடைந்தது. நொண்டி, சாக்கு. நொண்டி, சாக்கு. நொண்டவும் நொண்டினான், சாக்கும் சொன்னான், இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும் என்று எக்ஸ்ரேக்காரரின் முதுகில் தட்டினார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தக் கூச்சலிலேயே இரண்டு சீஸன் ஓடிப் பார்த்துவிட்டு, பதினோராம் நம்பர் ஆட்டத்தையே விட்டுவிட்டார். மில் ரசிகர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எக்ஸ்ரேக்காரரின் மனைவிக்கு ஒரு தம்பி, மில் கட்சி. "ஓட்டை வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு எங்க தலையில கட்டிட்டீங்களே மாமா" என்று இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் சொல்லிக்காட்டுவான். இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த மனிதர்தான்.

அவர் ஒரு வியாழக்கிழமை காலை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் வந்தார்.

காதோரம் நரைத்து, லேசாகத் தொப்பையும் போட்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். "ஓட்டறவங்க பயந்துபோறப்பல்லாம் நான் கிளட்ச்சை மிதிக்கணும். இடது கால் ஒத்துழைக்க மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றார்" என்றார். பழைய படங்களையும் டாக்டர் கேட்டிருந்ததால் ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்.

எக்ஸ்ரேக்காரர் அதில் இருந்த ஸ்கேன் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். எலும்பைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த ஃபைனல் நடந்த தேதி அவருக்குத் தன் கல்யாணத் தேதியைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். படம் அதற்குப் பதினோரு நாள் முன்னால் எடுத்தது. முழங்கால் ஜவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அவர் டாக்டர் இல்லைதான். ஆனால் இத்தனை வருஷம் முழங்கால்களையே பார்த்த கண்ணுக்கு அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

"இது அந்த ஃபைனலுக்கு முன்னாடி எடுத்ததா?" என்று வாய் முந்திக்கொண்டது.

"ஆட்டம் பார்ப்பீங்களா நீங்க? ஆமாங்க, முன்னாடிதான். யாருக்கும் தெரியாம வேற ஊர்ல போய் எடுத்தேன். க்ளப்ல சொல்லியிருந்தா பெஞ்சுல உட்கார வெச்சிருப்பாங்க. ஊசியைப் போட்டுக்கிட்டு இறங்கிட்டேன். எழுபது நிமிஷம் தாங்குச்சு." அவர் சிரித்தார். "அப்புறம் மில்லுல கூப்பிட்டாங்க. அங்கயும் மூச்சு விடல. சொன்னா யாருங்க எடுத்துக்குவாங்க? ரெண்டு வருஷம் வலியே இல்லாத மாதிரி ஓடினேன்."

எக்ஸ்ரேக்காரர் விளக்குப் பெட்டியைப் பார்த்தபடியே நின்றார். வலிக்கவில்லை என்று நடித்த ஆளை, வலிக்கிறது என்று நடித்ததாக ஊரே கேலி செய்திருக்கிறது. ஊர் பிறகுதான் வந்தது, ஆரம்பித்து வைத்தது இவர் குரல்தான்.

"உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குங்க" என்றார் பதினோராம் நம்பர், மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டே.

"ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்க குரல் எல்லாம் இப்படித்தாங்க இருக்கும்."

சொல்லிவிட்டார். சொன்ன கையோடு தன் மேலேயே வெறுப்பு வந்தது. அவசர அவசரமாக முழங்காலை நேராக வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆடாதீங்க" என்றார், பாதிக் குரலில்.

"நான் ஆடி நாலு வருஷம் ஆச்சு சார்" என்றார் மேஜையில் இருந்தவர்.

எக்ஸ்ரே மேஜையில் ஈயத்தில் செய்த இரண்டு சின்ன எழுத்துகள் இருக்கும். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. படம் எடுக்கும்போது காலுக்குப் பக்கத்தில் அதில் ஒன்றை வைப்பார்கள். எந்தக் கால் என்பதைப் படத்தில் அந்த எழுத்துதான் சொல்லும். சனிக்கிழமை, பதினோராம் நம்பரின் படத்தைப் பார்த்த டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "சீட்டுல நான் இடதுன்னு எழுதியிருக்கேன். படத்துல வலதுன்னு இருக்கு. என்ன இது?" என்றார். எக்ஸ்ரேக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்கூட அவர் எழுத்தை மாற்றி வைத்ததில்லை. டாக்டர் கவனிக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதருக்கு நல்ல காலைக் கிழித்திருப்பார்கள். ஏற்கெனவே செய்ததே போதாதா?

வரவேற்பு மேஜைப் பெண் போனைக் கையில் எடுத்தாள். "திங்கட்கிழமை வரச் சொல்றேன் சார். மெஷின் ரிப்பேர்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா. மறுபடி எடுக்கணும்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் சொல்லிக்கறேன்."

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை துறைமுக ரசிகர் மன்றக் கூட்டம். மன்றத்துக்குச் சொந்த இடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முப்பத்து நாலு பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மன்றச் செயலாளர் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர், அதனால் அவருக்கு மட்டும் ஒழுங்கான நாற்காலி. அணிக்கு ஐம்பதாவது வருஷம், பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்யப்போகிறார்கள், யார் யாரை அழைப்பது என்று க்ளப் மன்றத்தைக் கேட்டிருக்கிறது. பட்டியல் மளமளவென்று ஓடிப் பதினோராம் நம்பரிடம் வந்து நின்றது.

"கூப்பிடலாமே" என்றார் பஸ் டிரைவர். "நாற்காலி போட வேண்டாம். எழுபது நிமிஷம் ஆனா அவனே கீழ உட்கார்ந்துக்குவான்."

வகுப்பே சிரித்தது.

"கால்ல அடிபட்டவன் ரெண்டே மாசத்துல இன்னொரு அணிக்கு எப்படிங்க போவான்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "இந்த ஒரு கேள்விக்கு எவனாவது பதில் சொல்லட்டும். நான் மாலை வாங்கித் தர்றேன்."

"எனக்கு அதுதான் இடிக்குது" என்றார் கணக்கு டீச்சர். "மில்லுல ரெண்டு சீஸன், ஒரே ஒரு கோல். நம்மகிட்ட நடிச்சுட்டுப் போனவர் அங்க போய் நல்லா ஆடியிருக்கணும் இல்லையா? யாரும் இதை யோசிக்கவே இல்ல."

"டீச்சர், பேர் வெச்சவரே இருக்கார். அவரைக் கேளுங்க" என்று பஸ் டிரைவர் திரும்பினார். "எக்ஸ்ரே, நீ சொல்லுப்பா."

எக்ஸ்ரேக்காரர் எழுந்தார். மருந்துக்கடைக்காரரின் கேள்விக்குப் பதில் அவரிடம் தேதியோடு இருந்தது. ஒரு நிமிஷம் போதும், அறை அடங்கிவிடும். ஆனால் ஒருவர் படத்தில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். கட்டிய மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. கத்துவதற்கு ஒரு ஆதாரமும் தேவைப்படவில்லை, திருப்பி வாங்குவதற்கு மட்டும் எல்லோரும் ஆதாரம் கேட்கப்போகிறார்கள் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

"அந்தப் பேரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"கேட்கல" என்றார்கள் கடைசி பெஞ்சில். அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதே கிடையாது.

"வாபஸ் வாங்கிக்கறேன்னேன். அவரைக் கூப்பிடணும்."

பஸ் டிரைவர் கண்ணைச் சுருக்கினார். "ஏன், உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தானா? படம் எடுத்தியா? என்ன பார்த்த?"

"நான் பார்த்ததைப் பத்திப் பேச வரல. பார்க்காம கத்தினேன், அதைப் பத்தித்தான் பேசறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். அழைக்கலாம் என்று ஒன்பது கை, வேண்டாம் என்று இருபத்தைந்து. "எக்ஸ்ரேவுக்கு வயசாயிடுச்சு, மனசு இளகிப்போச்சு" என்று அன்போடுதான் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். ஒரு வார்த்தையில் ஏற்றியதை ஒரு வார்த்தையில் இறக்கிவிடலாம் என்று நம்பி வந்தவர், ஒன்றாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே சிரமப்பட்டார்.

திங்கட்கிழமை பதினோராம் நம்பர் வந்ததும் எக்ஸ்ரேக்காரர் கதவைச் சாத்தினார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. இடதுக்கு வலது எழுத்தை வெச்சது நான். என் தப்பு."

"பரவாயில்லைங்க. எல்லாருக்கும் நடக்கறதுதானே."

"எனக்கு நடந்ததில்லை. அன்னைக்குப் பயத்துல இருந்தேன். குரலைக் கேட்ட மாதிரி இருக்குன்னீங்க. கேட்டிருக்கீங்க. கிழக்குப் பக்கம், மூணாவது வரிசை. உங்களுக்கு அந்தப் பேரை முதல்ல கத்தினது நான்தான்."

பதினோராம் நம்பர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, பையில் இரண்டு பேனா, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. "யாரோ ஒருத்தர்தான் ஆரம்பிச்சிருக்கணும்னு எனக்குத் தெரியும். யாரா இருக்கும்னு ராப்பகலா யோசிச்சிருக்கேன். முரட்டு மீசையோட ஒரு ஆளை மனசுல வெச்சிருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது.

"மன்னிச்சிடுங்க. நேத்து மன்றத்துலயும் அந்தப் பேரை வாபஸ் வாங்கினேன். படத்தைப் பத்தி மூச்சு விடல. ஆனா யாரும் ஒத்துக்கல."

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? நான் நடிக்கலன்னு எனக்குத் தெரியாதா?" அவர் தடியால் கதவைக் காட்டினார். "என் பொண்ணு வெளியில உட்கார்ந்திருக்கா. அப்ப அவளுக்குப் பதினாலு வயசு. ஸ்கூல்ல அவ மேஜையில அந்தப் பேரை எழுதி வெச்சாங்க. வீட்டுக்கு வந்து, நிஜமாவே நடிச்சீங்களாப்பான்னு கேட்டா. இல்லம்மான்னேன். சரிப்பான்னா. அந்தச் சரியை நான் இன்னைக்கு வரைக்கும் நம்பல."

"படத்தைக் காட்டியிருக்கலாமே."

"காட்டினா, ரெண்டு க்ளப்பையும் ஏமாத்தினேன்னு சேர்த்துச் சொல்லணும். எதைன்னு சொல்றது அந்த வயசுப் பொண்ணுகிட்ட? அப்புறம் சொல்லிக்கலாம்னு தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிப்போச்சு." அவர் மேஜையில் உட்கார்ந்து இடது காலைக் கையால் தூக்கி வைத்தார். "இப்ப நீங்க காட்டுங்க. நான் காட்டச் சொன்னேன்னு சொல்லுங்க. அப்பா சொல்றதைவிட நீங்க சொன்னா நிக்கும்."

எக்ஸ்ரேக்காரர் ஈய எழுத்தைக் கையில் எடுத்து, "இடதுதானே?" என்று கேட்டு, வைத்து, குனிந்து பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்தார். படம் சரியாக வந்தது. பிறகு பழைய ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த பெண் எழுந்து நின்றாள். "முடிஞ்சுதா சார்?"

"உட்காரும்மா." அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அப்பாவுக்கு அந்தப் பேரை வெச்சது நான்தான்மா. ஒண்ணும் தெரியாம வெச்சேன். அப்பா காட்டச் சொன்னார், இந்தத் தேதியைப் பாரு. ஃபைனலுக்குப் பதினோரு நாள் முன்னாடி. இது கிழிஞ்சுபோன ஜவ்வு. இதை வெச்சுக்கிட்டுத்தான் உங்க அப்பா எழுபது நிமிஷம் ஓடியிருக்கார்."

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"எல்லாரும் சொன்னாங்க சார்" என்றாள். "நானும் நம்பிட்டேன்."

படத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போகலாமா என்றுகூடக் கேட்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.