மெதுவாக வந்த முகம்

பறக்கும் என்று சொல்லித்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டினார்கள். திருவொற்றியூர் லைன் வீட்டுக்கு வந்த பிறகு அது எண்ணூர் சாலை கன்டெய்னர் லாரி மாதிரிதான் நகர்ந்தது. ரேம் வெறும் முப்பத்திரண்டு எம்பி. அதில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சுவலியில் இறந்துபோனார். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்பதுதான் அவருடைய ஒரே படம். காரியத்தன்று படத்திறப்பு வைக்க, அவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்லி அக்கா கேட்டாள்.

முகம் தெளிவாக வரட்டுமே என்று, வண்ணாரப்பேட்டைக் கடையில் இருப்பதிலேயே பெரிய அளவில் ஸ்கேன் செய்து சிடியில் வாங்கி வந்தேன். அது வம்பாகிவிட்டது. படத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது, உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தது.

"இன்னாம்மே, ஒடஞ்சிடப் போவுது" என்றாள் அக்கா.

"ஒண்ணியும் ஆவாதுக்கா. ரேம்ல எடம் பத்தல. ஒங்கூட்டு சாமான எங்கூட்ல வச்சிக்கினு கீறோம்ல? அந்த மாரி, இங்க கொள்ளாதத ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சிட்டு, வேணும்போது எடுத்தாருது."

எங்கள் வரிசையில் அதுதான் பழக்கம். நல்லதோ கெட்டதோ, அந்த வீட்டு அரிசி டிரம், டிவி, பாய், தலையணை எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வந்தவர்கள் உட்கார வேண்டுமே. அக்கா வீட்டு சாமான்கள் அப்போது எங்கள் கட்டிலடியில்தான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கிலும் இடமில்லை என்று செய்தி வந்தது. படம் பாதியில் நின்றது. டிஸ்க் முழுக்க நான் தேடித் தேடிச் சேர்த்த பாட்டுகள். அத்தனையையும் அழித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுபடி திறந்தபோது படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் மண்டபத்து சீரியல் பல்பு, பிறகு தலைமுடி, நெற்றி. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கரகர. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழாமல் மீசைக்காகக் காத்திருந்தாள்.

"இன்னொரு தபா மூடித் தொற" என்றாள்.

முகத்தை வெட்டி, தோளில் கிடந்த யாருடைய கையையோ அழித்து, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். படத்திறப்பு நல்லபடியாக முடிந்தது. பிரேம் போட்ட படம் அவள் வீட்டுச் சுவரில் ஏறியது. அதற்குப் பிறகும் மதியங்களில் அக்கா வந்தாள். சாமானை எடுக்க வந்தேன் என்பாள். படத்தை ஒரு தடவை திறக்கச் சொல்வாள். முகம் முழுசாக வந்த பிறகு, ஒரு தலையணையோ பாயோ மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். எனக்குப் புரிந்தது, மிச்சத்தைக் கொண்டுவந்து தரட்டுமா என்று நான் கேட்கவேயில்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ரேம் வாங்கிப் போட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வந்ததும் பெருமையாகப் படத்தைத் திறந்தேன். சத்தமே இல்லாமல் முழு முகமும் வந்து நின்றது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"இன்னாம்மே, படக்குனு வந்துட்டாரு" என்றாள். "முன்ன மாரி மெல்ல வரமாட்டாரா?"

மறுநாள் மதியம் அவள் வருவதற்குள் புது ரேமைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்தேன்.