தளர்த்தச் சொல்லி ஒரு மனு

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சரைப்போல் கண்டிப்பான ஒரு பிறவியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவர் வகுப்பில் இருமல் வந்தால்கூட எழுந்து நின்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் இரும வேண்டும். அப்படிப்பட்டவர், இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த இங்கிலீஷில் என்னென்ன சொற்கள் உண்டு என்பதற்கு ஒரு முழுப் பாடவேளையைச் செலவழித்தார். முடிச்சை அவிழ்க்காமல் கொஞ்சம் இளக்கினால் லூசன். இழுத்துப் பிடித்த கயிற்றை விட்டுக்கொடுத்தால் ஸ்லாக்கன். வலியைக் குறைத்தால் ஈஸ். பிடிவாதக்காரர் மனம் இரங்கினால் ரிலென்ட். சட்டதிட்டத்தைத் தளர்த்தினால் ரிலாக்ஸ். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் விரல் கணுவில் ரூலரால் ஓர் அடி விழும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் கான்வென்ட்டுக்குப் போன பெண் நான் ஒருத்திதான். அந்த ராங்கி எனக்கு நிறையவே இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஐந்து சொற்களையும் ஒப்பித்து முடித்துவிட்டேன்.

அப்பாவுக்கு ரயில்பாதையில் வேலை. நீளமான ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு மைல் கணக்கில் நடந்து, கழன்றிருக்கும் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டே போவார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்களுக்கு ஒண்ணே போதும்மா. லூஸு. ஆனா ஒண்ணு, முடுக்கி வச்ச போல்ட்டு தானா லூஸாச்சுன்னா மேல பார்க்கக் கூடாது. அடியில மண்ணு போயிருச்சுன்னு அர்த்தம்.”

நான் இங்கிலீஷ் பேசினால் இவர் மண்ணைப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கண்டிப்பு எல்லாம் அம்மாவிடம்தான். காலையில் என்னைத் தன் கால்களுக்கு நடுவே உட்கார வைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போடுவாள். அவள் இழுக்கிற இழுப்பில் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். மறுநாள் நான் “லூசன், லூசன்” என்று கத்திப் பார்த்தேன். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு இன்னும் ஒரு சுற்று இழுத்தாள். இப்படிப் பின்னினால்தான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை நிற்கும், இல்லாவிட்டால் பேய்மாதிரி வந்து நிற்பாய் என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்களுக்குச் சமைத்துப் போட அப்பாவின் தங்கை கிள்ளானிலிருந்து வந்தாள். அத்தை நல்லவள்தான். ஆனால் அவளுக்குப் பின்னல் வராது. ஒரு ரிப்பனைக் கட்டி அனுப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை நோயாளியைப் பார்க்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வார்டுக்குள் போகக் கூடாது. பலகையில் அப்படி எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துச் சொன்னதே நான்தான். வாசலில் காவல் நின்ற தாடிக்கார ஜாகாவிடம் எத்தனை கெஞ்சினாலும் மலாயில் “தாக் போலே”, கூடாது, என்று ஒரே பேச்சு. அப்பா உள்ளே போவார். அத்தையும் நானும் மரத்தடியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆறு ஞாயிறு இப்படிப் போனது. அம்மா முகம் எனக்கு மறந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அத்தைதான் மனுப் போட்டுப் பார்க்கலாமே என்றாள். குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் மனு எழுதிக்கொடுக்கிற கிராணி ஒருவர் இருந்தார். அவரிடம் போகவா என்று அத்தை கேட்டதற்கு, எம்மவ எழுதுவா என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். எந்தச் சொல்லைப் போடுவது என்பதுதான் என் கவலை முழுவதும். லூசன் என்றால் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் துரை சிரிப்பார், சட்டம் என்ன பாவாடை நாடாவா? ரிலென்ட் என்றால் துரையைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னதாகிவிடும். கடைசியில் ரிலாக்ஸைப் போட்டு, அடியில் கோடும் போட்டேன். அம்மாவை நினைத்து எழுதியதைவிட டீச்சரின் ரூலரை நினைத்து எழுதியதுதான் அதிகம். அப்பா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டத்தைத் தளர்த்த முடியாதாம். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை துரையைத் திட்டினாள். அப்பா மட்டும் கடிதத்தைக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தமிழர் ஒருவரிடம் காட்டி ஏதோ விசாரித்துவிட்டு வந்தார். அவரை அங்கே டிரஸ்ஸர் என்பார்கள். அவர் என்ன சொன்னாரோ, அன்று அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் முதுகைத் தட்டிக்கொடுத்து, முடியாதுன்னு சொன்னா நல்லதுதாம்மா என்றார். நான் அழுகிறேன், இந்த மனிதர் சாப்பிடுகிறாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மனு எதுவும் போடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி பியூன் சைக்கிளில் வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா சோற்றில் கை வைத்திருந்தார். நான்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே என் சொல் இருந்தது. நான் போட்ட அதே ரிலாக்ஸ்!

“அப்பா, சட்டத்தைத் தளர்த்திட்டாங்க. பிள்ளைங்களும் வரலாமாம். ஞாயித்துக்கிழமைதான் வரணும்னு இல்லையாம், எந்த நேரமும் வரலாமாம்.”

“எந்த நேரமும்னு போட்டிருக்கா?”

“ஆமாப்பா. எந்த நேரமும்.”

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். என் இங்கிலீஷை மெச்ச இந்த வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்படிப்பட்ட நோயாளிக்குச் சட்டத்தைத் தளர்த்துவார்கள் என்று டிரஸ்ஸர் அப்பாவிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அப்போதே கிளம்பினோம். ஜாகா காகிதத்தைப் பார்த்தான், கதவைத் திறந்தான், என் தலையைத் தடவி உள்ளே விட்டான். ரிலாக்ஸ் அவனையும் அடக்கிவிட்டது என்று கணக்குப் போட்டேன். வார்டில் எல்லாக் கட்டிலும் திறந்து கிடக்க, கோடியில் ஒரு கட்டிலுக்கு மட்டும் சுற்றிலும் பச்சைத்துணித் திரை கட்டியிருந்தார்கள். அம்மா அதற்குள் இருந்தாள். என் மனுவைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “தலைய ஏன் இப்படி விட்டிருக்க? திரும்பு” என்றாள். அப்பா அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். கட்டிலின் ஓரத்தில் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையைத் தூக்கும்போதெல்லாம் அவள் வளையல் முழங்கைக்கு ஓடிவிடும். ஒரு பின்னலுக்கே வெகுநேரம் ஆனது. நடுநடுவே விரல் அப்படியே என் முடியில் நின்றுவிடும். நான் அசையாமல் இருந்தேன்.

“அம்மா, இன்னைக்கு வலிக்கவே இல்ல” என்றேன்.

அப்பா திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு பின்னலும் பிரிந்துவிட்டன. அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்து, போல்ட்டு முடுக்குகிற கையால் அவற்றை அள்ளிப் பிடித்துப் பின்னத் தொடங்கினார். உயிர் போகிற இழுப்பு.

“வலிக்குதுப்பா. அம்மா மாதிரி லூஸாப் போடத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு, இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

ரிக்‌ஷாவில் வரும்போது என் மனசு முழுக்கத் திங்கட்கிழமைதான் இருந்தது. ஐந்து சொற்களிலும் ரிலாக்ஸ்தான் உசத்தி, அது என்னவெல்லாம் செய்தது பாருங்கள் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக அந்த ஒரு சொல்லையே பாட்டுமாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே வந்த அப்பா, சும்மா இரு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.