மேலே படிக்கப் போகிறவர்களை விசாரிக்கப் போனேன்

நின்றுபோன படிப்பை வயசான பிறகு மறுபடி தொடங்குகிறவர்கள் படும் பாடு பெரும் பாடு. அவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போகிறவன் படும் பாடு அதைவிடப் பெரிது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, ரேஷன் கார்டு சரிபார்க்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களே, நீங்களாவது என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு ரைஸ்மில்லில் நான் குமாஸ்தா. முதலாளி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்தக் குறை அவருக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதனால், பாதியில் படிப்பை விட்டவர்கள் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டால் உதவித்தொகை கொடுப்பார். யாராவது கேட்டு வந்தால் நான் சைக்கிளில் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து வர வேண்டும். எதற்கு விசாரிக்கிறேன் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. சொன்னால் ஊரே கூடி நின்று நல்ல பேர் கொடுத்துவிடுமாம்! முன்பின் தெரியாத ஒருவன் வந்து, "ஆள் எப்படி? குணம் எப்படி? குடி கிடி உண்டா?" என்று கேட்டால் நம் பக்கத்து ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று.

உலக்கை

முதலில் போனது ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்காக. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பி.ஏ. முடிக்க வேண்டும் என்று ஆசை. எதிர்வீட்டுக்காரரிடம் போய் மேலே சொன்ன கேள்விகளை அப்படியே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "செத்த இருங்க" என்று உள்ளே போனார். போனவர் கொல்லை வழியாக வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நிமிஷம் வாத்தியார் சம்சாரம் தெருவில் நிற்கிறாள். கையில் உலக்கை. இடுப்பில் கைக்குழந்தை. "எந்த ஊர்க்காரிய்யா எம் புருஷனுக்குக் கழுத்த நீட்டறதுக்கு நிக்கறா?" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், என் சைக்கிள் தானாகவே சாய்ந்துவிட்டது. முதலாளி உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது! இருந்த உண்மையை எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"படிக்கத்தான் போறாரா? அத்த மொதல்லியே சொல்லக்கூடாதாய்யா, மண்டைய ஒடச்சிருப்பேனே!"

பாயசம்

மேல்மலையனூரில் தேங்காய்க்கடை வைத்திருந்த ஏழுமலைக்கு முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பி.யூ.சி. சேர வேண்டும் என்று கேட்டிருந்தார். கோயிலுக்கு வரும் அமாவாசைக் கூட்டத்தோடு போனால் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துக் கடையில் நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஏழுமலையின் அம்மா எங்கிருந்தோ வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டாள். இலை போட்டு, வடை, பாயசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து ஏழுமலையின் அருமை பெருமையைச் சொல்கிறார்கள். நானும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டேன். வயிறு நிறைந்த பிறகு மனசு கேட்கவில்லை, வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் பாயசச் செம்பை எட்டத் தள்ளி வைத்தாள்.

"படிப்பு கெடக்கட்டும். பொண்ணு இருக்குதா இல்லியா, அத்த சொல்லு."

முதலாளியின் தீர்ப்பு

பொறுக்க முடியாமல் முதலாளியிடமே முறையிட்டேன். போகிற இடமெல்லாம் என்னைச் சம்பந்தம் பேச வந்தவன் என்று நினைக்கிறார்கள், இனிமேல் விஷயத்தைச் சொல்லியே கேட்கிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.

"சம்பந்தம்னு நெனச்சாத்தான்யா ஊரு நெஜத்தப் பேசும், அப்படியே நெனைக்கட்டும் வுடு."

சரோஜா

மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. தேறின வருஷமே அம்மா செத்துப்போனாள். தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கி, தங்கையைக் கட்டிக்கொடுத்து, தம்பிக்கு வேலை கிடைத்து, நிமிர்ந்து பார்த்தால் வயசு இருபத்தெட்டு. வேலூர்ப் பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை கேட்டதை அவளுடைய நைனாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற பயம்.

பக்கத்து வீட்டு முனியம்மாவைக் கேட்டேன். "அதுவா? வலது காது கேக்காது. அடுப்பு பத்த வெக்கத் தெரியாது. கோவம் வந்தா சட்டிய எடுத்து வீசும்" என்றாள். அடுத்த வீட்டில் வலிப்பு நோய் என்றார்கள். அதற்கடுத்த வீட்டுப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற எடம் பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

சரோஜா வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாய்க்குள்ளே முனகினதற்குக்கூடப் பதில் சொன்னாள். காது கேட்காதாம்! திரும்பும்போது வாசல் வரை வந்தாள்.

"திங்கக்கெழமைக்குள்ள சேரணும்ண்ணே, அடுத்த வருஷம்னா என்னிய யாரு வுடப்போறாங்க?"

மில்லுக்கு வந்த கூட்டம்

மறுநாள் சனிக்கிழமை. கேட்டதை அப்படியே சொன்னேன். முதலாளி தலையை ஆட்டினார். "மூணு வீடும் வேணாங்குது. எப்படிக் குடுக்கறது? வுட்டுடு" என்றார். அவரிடம் ஒரு நாளும் நான் எதிர்த்துப் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன். "அந்தப் பொண்ணு அப்படி இல்லீங்க. நான் மறுபடி போறேன், விஷயத்தைச் சொல்லிக் கேக்கறேன்" என்றேன். "உன் பேச்ச நம்ப மாட்டேன். அவங்களே வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்" என்றார்.

விழுந்தடித்துக்கொண்டு போனேன். முனியம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நீ மாப்ள இல்லியா? மீசைக்கு மை தடவிக்கினு வந்தியே, தாரம் செத்தவன்னு இல்ல நெனச்சோம்!" என்றாள். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அப்பாடா என்று அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியான பஸ்ஸில் மூன்று வீடும் செஞ்சிக்கு வந்து இறங்கியது. கதவைச் சாத்தின பெரியவர்கூட வந்திருந்தார். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். காதும் நல்ல காது, வலிப்பும் கிடையாது, அவள் வைக்கிற குழம்புக்குத் தெருவே கிண்ணம் நீட்டுமாம். முதலாளி, "பின்ன எதுக்கு அவ்ளோ பொய்?" என்று அதட்டினார். முனியம்மா என் பக்கம் கையை நீட்டினாள். பேசும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை சரோஜா வேலூரில் சேர்ந்துவிட்டாள். மில்லில் அன்றைக்கு முனியம்மா சொன்னது இதுதான்:

"தாயி மாதிரி பசங்கள வளத்த பொண்ண இந்தக் கெழவனுக்கு ரெண்டாந்தாரமா குடுப்பமா சாமி? காலேஜுக்குன்னா இட்டுக்கினு போங்க, சந்தோஷமா அனுப்பறோம்!"

நல்ல பிள்ளையென்றால் ஊர் லேசில் விட்டுக்கொடுக்காது என்று இத்தனையும் பட்டுத் தெளிந்ததனால்தான், என் மகளுக்கு வந்த வரனைப் பற்றி அவன் தெருவில் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்றதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.