எந்தூருங்க, ஆரூட்டுப் புள்ளைங்க?

நானும் ஒரு ரைட்டர்தான். சிரிக்க வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதி, எஃப்.ஐ.ஆர் போட்டு, கோர்ட்டுக்குக் காகிதம் கட்டி அனுப்புகிற ஏட்டுக்கு அதுதான் பேர். ரயில்வே போலீஸில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் ரைட்டர் நாற்காலியில். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷன் என்பதற்கு மேல் எது என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. வீட்டுக்காரர் பீளமேட்டில் மோட்டார் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். லேத் சத்தத்தைக்கூடத் தாங்கிவிடலாம், உன் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்பார். ஆனால் எழுத்தில் நான் கெட்டி. என் அறிக்கையைப் படித்தால் ஆளை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று மேலே இருக்கிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஒரு திங்கட்கிழமை காலை, எட்டரை மணி இருக்கும். ஒரு பெண் விடுவிடுவென்று ஸ்டேஷனுக்குள் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயது. கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் லேப்டாப் பை, கையில் இரண்டு செல்போன். பின்னாலேயே எங்கள் பிளாட்ஃபாரக் காவலர் ஒரு ஆளைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பூக்கூடையோடு இரண்டு அம்மாக்கள்.

நடந்தது இதுதான். திருப்பூரில் ஏறியிருக்கிறாள். எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆள், போனில் என்னமோ படிக்கிறவன் போலப் பாவனை செய்துகொண்டு பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். பையை எடுக்க எழுந்தவள் அவன் போனில் தன்னையே பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. லபக்கென்று போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அவன் திமிறி இறங்கப் பார்த்தபோது பூக்காரம்மாக்கள் இரண்டு பேரும் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். போனைத் திறந்து பார்த்தோம். இவள் மட்டுமில்லை, இன்னும் எத்தனையோ பெண்கள் அதில் கிடந்தார்கள். பாவி, முகத்தில் ஈயாடாமல் நின்றான்.

இந்த மாதிரி விஷயத்துக்கு எங்களிடம் வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் பாதியில் அழுதுவிட்டு, புகாரெல்லாம் வேண்டாங்க, அவனை ரெண்டு தட்டு தட்டி அனுப்பிவிடுங்க என்று போய்விடுவார்கள். இவள் ஆளோடும் அத்தாட்சியோடும் வந்திருந்தாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. டீ வாங்கித் தரச் சொன்னேன், எனக்கு எதிரே உட்கார வைத்தேன்.

எந்தூரு அம்மணி என்று கேட்டேன். தாராபுரத்துக்குப் பக்கம் என்று ஓர் ஊர்ப் பேரைச் சொன்னாள். அதோடு விடுவேனா? எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டால் அடுத்த கேள்வி ஆரூட்டுப் புள்ளை என்பதுதான். கேட்டேன். அப்பா கொப்பரைக் களம் வைத்திருக்கிறார், இவள் இரண்டாவது பெண், சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை, அங்கேயே ஹாஸ்டல். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூர், அங்கிருந்து ரயில்.

கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். 

"அக்கா, இது எங்கூட்டுக்குத் தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சா எங்கப்பா வேலைய உட்டுப்போட்டு வந்துருன்னுருவாங்க. ஹாஸ்டல்ல இருக்கறதுக்கே ஒரு வருசம் கெஞ்சிருக்கறேன்."

அவளுக்கு அந்த வேலைதான் எல்லாம் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் நான் போலீஸ் தேர்வு எழுதப் போனபோது மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, இந்த ரூமை உட்டு ஒரு எழுத்து வெளிய போகாது. நானாச்சு" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம். தினமும் மதியத்துக்குள் அன்றைய சம்பவங்களைச் சுருக்கி மேலே அனுப்ப வேண்டும். அது உள் அறிக்கை, எங்களுக்குள்ளேயே இருக்க வேண்டிய காகிதம். முறையாகப் போகிற வழி ஒன்று இருந்தாலும், அவசரத்துக்கு ஒருநாள் ஸ்டேஷன் ஆட்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பிறகு அதுவே பழகிப் போயிருந்தது. இந்த மாதிரி கேஸில் பெண்ணின் பேர் வரக்கூடாது என்பது உத்தரவு. உத்தரவை நான் மீறவில்லை. பேரை எடுத்துவிட்டேன். பேர் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. ஆள் யாரென்றே தெரியாமல் ஓர் அறிக்கையா என்று தோன்றி, இப்படி எழுதினேன்: தாராபுரம் அருகே இன்ன கிராமத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் பணிபுரிபவர், அளித்த புகாரின் பேரில் எதிரி கைது செய்யப்பட்டு, செல்போன் கைப்பற்றப்பட்டது. குற்றம் செய்தவனை நாங்கள் எதிரி என்றுதான் எழுதுவோம்.

இன்ன கிராமம் என்று இங்கே எழுதுகிறேன். அங்கே ஊர்ப் பேரையே எழுதினேன்.

எங்கம்மா அது போன்ற களங்களில் தேங்காய் உடைக்கவும் கொப்பரை பிரிக்கவும் போனவர். எங்களுக்கு ஒரு ஆளை அடையாளம் சொல்ல வேறு வழி தெரியாது. இன்னார் தோட்டம், இன்னார் களம், மூத்தவள், இளையவள், இப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். அதில் தப்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் தங்கச்சி போன் பண்ணினாள். அவள் தாராபுரத்துக்குப் பக்கம்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் கேட்காமல், ஏனக்கா, உங்க ரயில்ல இப்படியெல்லாம் நடக்குதா என்று ஆரம்பித்து, தன் போனுக்கு வந்ததைப் படித்துக் காட்டினாள். என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அதோடு நிறுத்தினாளா? அந்த ஊரில் களம் வைத்திருப்பவர் இன்னார்தானே, அவருக்கு மூத்தது கல்யாணமாகிப் போய்விட்டது, அப்படியானால் இது இளையவள்தான், போன மாசம்கூட ஒரு விசேஷத்தில் பார்த்தேன், நல்ல பிள்ளை என்று புட்டுப் புட்டு வைத்தாள். பேரே இல்லாத காகிதத்திலிருந்து பேரைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

அட கெரகமே என்று போனை வைத்துவிட்டு எழுந்தேன். ஸ்டேஷனே அதிரும்படி ஒரு பாட்டம் திட்டினேன். உள் அறிக்கையை வெளியே அனுப்பின மகராசன் யார், இப்போதே எனக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கு ஒருத்தரும் டீ குடிக்கப் போக முடியாது என்றேன். எல்லாரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு காவலர் மெல்ல வந்தார். வம்புதும்புக்குப் போகாத மனுஷன். அவருக்கும் தாராபுரம் பக்கம்தான். தன் மச்சானுக்கு அனுப்பினாராம், மச்சான் ஊர்க் குழுவில் போட்டுவிட்டாராம். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துப் புள்ளையாச்சேன்னுதானுங்க அனுப்புனேன். நீங்கதான ஊரெல்லாம் போட்டிருந்தீங்க."

அவர் செய்தது தப்புதான். ஆனால் ஊரை நான் எழுதியிருக்காவிட்டால் அவர் அதை ஒரு தரம் படித்துவிட்டு மறந்திருப்பார். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அய்யாவிடம் போய்ச் சொன்னேன். நல்லவர், வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். பேர் இல்லையே, சட்டப்படி நமக்கு ஒன்றும் வராது, நாமாக எதையும் கிளப்ப வேண்டாம், அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினால் அவள் நம் மேலேயே புகார் கொடுத்தாலும் கொடுப்பாள் என்றார். கொடுக்கட்டுமே அய்யா, கொடுத்தால் எழுதிக்கொள்வதும் நான்தானே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்க இஷ்டம் என்றார்.

வெளியே வந்து அவளுக்குப் போன் பண்ணினேன். சுற்றி வளைக்கவில்லை. நான் எழுதினதால் உன்னைத் தெரிந்துபோய்விட்டது, உன் ஊர்க்காரர்கள் போனுக்கெல்லாம் வந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ உங்கப்பாவுக்கும் போய்ச் சேரும் என்றேன். அந்தப் பக்கம் ஆபீசில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு, "நீங்க சொன்னீங்களேக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் நேரில் போய் உங்கப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாங்க, மத்தவங்க சொல்லிக் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிக்கறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே நடந்ததை நடந்தபடி எழுதி, தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. அந்தக் காவலருக்கும் வந்தது. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தார்கள். புகார் கொடுத்தவர் பற்றி இனி பெண் பயணி, ஆண் பயணி என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாளோ, அந்த வேலை போயே போய்விட்டதோ என்பதே என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. நானாகக் கூப்பிட முகம் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அப்பா வந்தார். நான் இன்னாருடைய அப்பா என்று அவர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். உட்காருங்க என்றேன், உட்காரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கோபத்திலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார்கள். கேட்கிறவருக்கு அது இன்னும் சுடும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இவர் உடனே, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பி வா என்றிருக்கிறார். வாரேங்கப்பா, நான் பண்ணுன தப்பு என்னன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுக்கே வாரேன் என்றாளாம். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் களத்தில் கொப்பரை புரட்டுகிற இடத்திலும் அதே யோசனையாம். அப்போதுதான் ஒறம்பரையில், சொந்தக்காரர் ஒருத்தர் அந்த அறிக்கையை இவர் போனுக்கு அனுப்பியிருக்கிறார். ஐயோ உங்கள் பெண்ணா என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி.

போனை எடுத்து, என் வாக்கியத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல நான் இருக்கறேனுங்க. எங்களம் இருக்குதுங்க. ஊரு இருக்குது. எம்புள்ள எங்கீங்க? செல்போன் கைப்பற்றப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. ஆரு கைப்பற்றுனா? நீங்களா?"

நான் படித்துப் பார்த்தேன். உண்மைதான். அவள் யார் மகள், எந்த ஊர், எங்கே வேலை, எல்லாம் இருந்தது. அவள் செய்தது ஒன்றுகூட இல்லை. எழுத்தில் கெட்டி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மன்னிச்சுருங்க, தப்பு முழுக்க என்னுதுதானுங்க என்றேன். அவர் கொஞ்சம் தணிந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"திங்கக்கெழம வேலைக்கு அதே வண்டிலதான் வருவா. நீங்க காவலுக்கெல்லாம் நிக்க வேண்டாங்க, அவ பாத்துக்குவா. நீங்க எழுதறதப் பாத்து எழுதுனாப் போதும்."

வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் நிற்க வேண்டாம் என்றாலும் திங்கட்கிழமை காலையில் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பிளாட்ஃபாரத்துக்குப் போய் நின்றேன். வண்டி வந்தது. லேப்டாப் பையோடு இறங்கினாள். என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, எட்டே முக்கால் பஸ்ஸு, மீட்டிங் இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள்.