தண்ணி மருந்து பற்றி நான் எழுதிய நான்கு பக்கங்கள்

"நீ வக்கீலுக்குப் படிக்கிறியா, நர்ஸுக்குப் படிக்கிறியா? யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று என் அம்மா கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுகாதாரச் சட்டம் என்று ஒரு மேற்படிப்பு இருப்பது அந்தக் காலத்தில் கோலசிலாங்கூரில் எனக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. தபால்காரருக்குத் தெரிந்ததும் உறையின் மேல் அச்சடித்திருந்ததால்தான்.

நான் மதராஸில் சட்டம் முடித்து, அங்கேயே அந்த மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. மலாயாவில் பிறந்த மாணவர் இருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஊருக்கே அனுப்புவார்கள். ஆளுக்கொரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருந்துகொண்டு, தோட்டங்களில் சட்டம் சொல்வது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். நல்ல அறிக்கை எழுதியவருக்கு இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் ஒரு வருடம் இடம் கிடைக்கும். அங்கிருந்து ஒருவர் மதராஸுக்கு வருவார். இடம் ஒன்று, ஆள் இரண்டு. மற்றவர் என் வகுப்புத் தோழர், ராசா என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தார். கால்வாயின் அகலத்தை அடிக்கோல் வைத்து அளந்து அட்டவணை போடுகிற ரகம். அவரை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. என் அம்மாவும் அப்படித்தான். கிள்ளானுக்குப் போனபோது கம்பளிச் சட்டை என்ன விலை என்று விசாரித்துவிட்டே வந்தார்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கொடுத்த ரப்பர் தோட்டம் சுங்கை ஆயர் தாவார் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் மலாய் கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. விடிவதற்கு முன் ஆளெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்வெட்டப் போகிறவர்கள், மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்துதான் வாயில் எதையாவது போடலாம். கடையில் பால் டின் வாங்கினால்கூட, பதுக்கி வைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவத்துக்கு வண்டி பிடிப்பது வரை அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கிறிஸ்துவர். மாதா கோயிலில் எல்லோருக்கும் மேலே கேட்கும்படி பாடுவார், ஒரு வரிகூட ராகத்தில் நிற்காது. முதல் நாளே என்னிடம், "மிஸ், உங்க சட்டத்துல பேதிக்கு என்ன மருந்து போட்டிருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேதி வராமலிருக்கக் கக்கூஸ் எங்கே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, தோட்டத்துக் கக்கூஸ்களை ஒவ்வொன்றாகக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டு நடக்கும் இடத்துக்குப் போவார். உள்ளே பஞ்சு, அயோடின், கட்டுத்துணி, மூன்று பெரிய போத்தல் தண்ணி மருந்து. பெட்டிக்குப் போலீஸ் அனுமதிச் சீட்டு உண்டு. மூன்றாவது வாரம் நானும் கூடப் போனேன்.

பெட்டியைத் திறந்ததும் பெண்கள் வாளியை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் கைக்குழந்தைக்காரிகள், குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவர்கள். டிரஸ்ஸர் மருந்துக் கிளாஸில் பழுப்பு நிறத் தண்ணி மருந்தை விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார்கள். ஒருத்தி நாக்கை வெளியே நீட்டி, "கசப்பு தாங்கல டிரஸ்ஸரய்யா" என்றாள். பின்னால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் வந்து நின்று, இரண்டு நாளாக இருமல் என்று தனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார். அவரும் முகத்தைச் சுளித்தார். ஆனால் பெண்கள் அளவுக்கு நடிப்பு வரவில்லை.

இது எதற்கான மருந்து, எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று நான் நோட்டை எடுத்தேன். டிரஸ்ஸர் எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். டின் பால் போட்ட தேத்தண்ணி. கெட்டியாக, சீனி தூக்கலாக இருந்தது.

"மூஞ்சியச் சுளிங்க மிஸ்" என்றார். "யாராச்சும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

நானும் சுளித்தேன்.

திரும்பும் வழியில் அவராகவே சொன்னார். வெறும் வயிற்றோடு மதியம் வரை நிற்கிற தாய்க்குப் பால் எங்கே ஊறும்? கொட்டகையில் குழந்தைகள் ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டு வந்தன. கொட்டகைப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி வருகிற பால் டின்னில் கொஞ்சத்தை எடுத்துத் தாய்க்குக் கொடுக்கிறார். தாய்க்குக் கொடுத்தால் அது பிள்ளைக்குத்தானே போகிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எதுவும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அந்தத் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்கும் அந்தப் போத்தலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. இரண்டு பட்டத்துக்குப் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. நல்ல காரியத்தைக் கண்டால் பக்க எண் போட்டு எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சட்டத்தின் எழுத்தைத் தாண்டி அதன் நோக்கத்தை ஒரு மனிதர் தினமும் பெட்டியில் சுமந்துகொண்டு போகிறார். இதைவிட நல்ல விஷயம் ராசாவில் கிடைக்குமா என்று நினைத்தேன். நான்கு பக்கம் எழுதினேன். போத்தல் எத்தனை, எத்தனை மணிக்கு, எத்தனை பெண்கள், கேட்டில் பெட்டியை எப்படித் திறந்து காட்டுகிறார் என்பதுவரை ஒன்று விடவில்லை. படிக்கிற போலீஸ்காரருக்கு ஒரு கேள்விகூட மிச்சமிருக்காது. அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை.

பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை அறிக்கையைச் சுகாதார அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை அவர் தட்டச்சு செய்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் அடக்கமான முகத்தை வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏன் மிஸ், இந்த டிரஸ்ஸரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு?" என்றார்.

அப்புறம்தான் விளக்கினார். மூன்று பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று மதராஸுக்கு, ஒன்று போலீசுக்கு. தோட்டங்களைப் பற்றிய எந்தக் காகிதமும் போலீஸ் பார்வைக்குப் போக வேண்டும் என்பது அப்போதைய விதி. திங்கட்கிழமை தபாலில் அது போய்விடும். கேட்டைத் தாண்டிச் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோனவர் என்று பிடித்தால் வருடக் கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தப் பால் தாய்மாருக்குப் போனதா, காட்டுக்குப் போனதா என்று யாரும் உட்கார்ந்து விசாரிக்கப் போவதில்லை.

நான்கு பக்கத்தை மட்டும் உருவிவிடலாமா என்று கேட்டேன். முடியாது. எண் போட்டாயிற்று, மொத்தப் பக்கம் பதிவேட்டில் ஏறிவிட்டது. எழுதியவரே காரணம் சொல்லி அதிகாரிக்குக் கடிதம் கொடுத்தால்தான் பக்கத்தைத் திரும்ப எடுக்கலாம். என்ன காரணம் எழுதுவது? தவறு நேர்ந்துவிட்டது என்றால் சரியானது எது என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். சொந்தக் காரணம் என்றால் சந்தேகப்பட்டு அனுப்புவார்கள். யாரும் அந்தப் பக்கம் போகாமலிருக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அப்படி ஒன்று நடக்கவேயில்லை, நானே கற்பனையாக எழுதிவிட்டேன் என்பது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். டிரஸ்ஸரைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய். முதலில் இங்கிலாந்தைத்தான் நினைத்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய மாணவிக்கு எந்தக் கல்லூரி இடம் கொடுக்கும்? அரை மணி நேரம் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய கிராணி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சுகாதார அதிகாரி வெள்ளைக்காரர். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பத் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மதராஸுக்குத் தான் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் அந்தத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்க அவசியமில்லையே என்றார். இல்லை என்றேன். இல்லாத ஒன்றைப் பார்க்க இந்த வெயிலில் யாரை அனுப்புவது என்று சொல்லிவிட்டு, மூன்று பிரதியிலிருந்தும் அந்த நான்கு பக்கங்களை எடுத்து என்னிடமே கொடுத்தார். அவர் என் கடிதத்தை நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எழுத வேண்டியதை எழுதினார். கண்டதற்கும் கற்பித்ததற்கும் இந்த மாணவிக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது அதன் சாரம். இடம் ராசாக்காரருக்குப் போனது. அவருடைய கால்வாய் அட்டவணைகள் நன்றாகவே இருந்தன. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது பெரிய கிராணி நடந்ததை டிரஸ்ஸரிடம் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே கோயில். திங்கட்கிழமை காலை நான் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனேன். எப்போதும் என்னைப் பார்த்ததும் ஏதாவது கேலி பேசுகிற டிரஸ்ஸர், அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்கள யாரு மிஸ் கேட்டா?" என்றார். "என்னையப் பிடிச்சா நாலு வருசமோ அஞ்சு வருசமோ. உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். உங்களுக்கு அந்த ஒரு வருசம் இனிமே வருமா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான் செய்த முட்டாள்தனத்துக்கு இரண்டு நாளாக யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்ட வேண்டியவரே இப்போது எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கிறார். அதைத் தாங்க முடியவில்லை.

"நீங்க உள்ள இருக்கற வருசமெல்லாம் ஒம்பது மணிக்கு அவங்ககிட்ட யாரு போவா?" என்று கேட்டேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது தாண்டிப் பத்து நிமிடமாகியிருந்தது. பெட்டியை மூடித் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். கான்ஸ்டபிள் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். டிரஸ்ஸர் என் பக்கம் திரும்பவேயில்லை. நேரமாகிவிட்டதால் ரப்பர் மரங்களுக்குள் ஏறக்குறைய ஓடினார்.